லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3: குட்டை ராடு போட்ட பிறகு முன் இடது பக்கம் இறங்குகிறது

வணக்கம் அண்ணா. வண்டியின் உயரத்தை அளக்கும் சென்சாருக்குக் குட்டை ராடு (இணைப்புக் கம்பி) போட்டு வண்டியைத் தூக்கியிருக்கிறீர்கள், காலையில் பார்த்தால் முன் இடது பக்கம் மட்டும் இறங்கியிருக்கிறது, அடுத்த மாதம் சானி பாஸ் (தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோவுக்கு ஏறும் கரடுமுரடான மலைப்பாதை) ஏற வேண்டும், அதனால் ஏர் சஸ்பென்ஷனை எடுத்துவிட்டுக் காயில் ஸ்பிரிங்குக்கே மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

ராடு காற்றைக் கசிய விடாது. அது கம்ப்யூட்டரை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான்: வண்டி தாழ்ந்திருப்பதாக நினைத்து அது கூடுதலாகக் காற்று ஏற்றுகிறது. ஆனால் உயரம் கூடும்போது ஏர் பேக்கின் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப் பை) ரப்பர் வேறு இடத்தில் மடிகிறது, பழைய மடிப்பில் இருந்த வெடிப்பு அப்போது வாய் திறக்கும். என் வண்டியிலும் இதேதான் நடந்தது, டர்பன் ஈரக்காற்றில் பத்து வருஷம் ஓடிய பேக். வண்டியை உயர்த்தி, ஸ்டாண்டு கொடுத்து (காற்றை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள்), சோப்புத் தண்ணீரை அந்த மடிப்பிலும் குழாய் இணைப்பிலும் தெளியுங்கள். பொடிப்பொடியாக நுரை வந்தால் அங்கேதான் கசிவு. அங்கே இல்லையென்றால், பேக்குகளுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கைப் பாருங்கள். கசிவை அப்படியே விட்டால் காற்று ஏற்றும் கம்ப்ரஸர் ஓடி ஓடியே சூடாகிச் செத்துவிடும், அது தனிச் செலவு.

அப்புறம், சானிக்குப் பழைய ராடையே திரும்பப் போடுங்கள். கம்பெனி கொடுத்த ஆஃப்ரோடு உயரமே அங்கே போதும். அதற்கு மேல் தூக்கினால் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது, கல்லுக்குக் கல் தூக்கிப்போடும், டிரைவ் ஷாஃப்ட் மூட்டும் சீக்கிரம் தேயும்.