அட்டையில் இருந்த பாதி வசனம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 47. எங்கள் சபையில் 16 வருஷமாக ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு "கர்த்தரை நம்புங்கள்" என்று சொல்லிக்கொடுக்கிற எனக்கே இப்போது ஜெபம் வரவில்லை.

வீட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் எரிந்தாலும் அவரிடம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் டெனர் பாடுவார். வீட்டு ஜெபத்தை நடத்துகிறதும் அவர்தான். நான் பின்னால் உட்கார்ந்து ஆமென் சொல்லிப் பழகியவள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை டீ டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. கை மரத்துப்போயிருக்கிறது என்றார். வாய் லேசாகக் கோணியிருந்தது. பக்கத்து ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பிரஷர் கூடியிருக்கிறது, ஊசி போட்டாயிற்று, படுக்கட்டும் என்றார். நானும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மத்தியானம் கஞ்சி கொடுக்கப் போனால் பேச்சு இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. "காலையிலேயே வந்திருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து கொடுத்திருக்கலாம்" என்றார் அங்கே இருந்த டாக்டர். அந்தச் சொல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

எட்டு மாசம் ஆகிவிட்டது. வலது கை விளங்கவில்லை. கம்பு ஊன்றி வாசல்வரை நடக்கிறார். பேச்சு மட்டும் வரவில்லை. எதைக் கேட்டாலும் "அதான்" என்கிறார். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், வலிக்கிறது என்றாலும் அதான். கடையில் பிரித்துப் போட்ட மோட்டார்கள் அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றின்மேலும் அவர் கையால் சாக்பீஸில் ஆள் பெயர் எழுதியிருந்தது. உரியவர்கள் வர வர, பெயரைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். போன வாரம் கடைசி மோட்டாரும் போய்விட்டது.

வருஷப்பிறப்பு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்" என்று இருந்தது. அவர்தான் சந்தோஷமாக ஃபிரிட்ஜில் ஒட்டினார். இதுதானா அந்தப் புதிய காரியம்? கிழிக்கவும் மனசில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஒரு அம்மா வந்து, "வீட்டில் ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கும், யோசித்துப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாட்சி சொல்லவும் கூப்பிடுகிறார்கள்.

போன மாசம் ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்தது. இருட்டில் அவர் பாமாலைப் பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினார். முதல் கவியில் இரண்டு வரி, ஒரு சொல் பிசகவில்லை. மறுநாள் என் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "அதான்" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை அக்கா. அடுப்பங்கரையில் நின்று, "உம்மைப் பாட மட்டும் அவருக்கு வாய் கொடுப்பீரா, என் பெயரைச் சொல்லக் கொடுக்கமாட்டீரா" என்று ஆண்டவரிடம் கேட்டுவிட்டேன். கேட்டதிலிருந்து முழங்காலில் நிற்கப் பயமாக இருக்கிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. காலையில் எழும்பாமலே இருந்துவிட்டால் நல்லது என்று சில நாள் தோன்றுகிறது. பிள்ளைகளை நினைத்து அதை விரட்டிவிடுகிறேன். என் விசுவாசம் போய்விட்டதா?

இப்படிக்கு,
ஒரு சகோதரி

*

அன்புத் தங்கைக்கு,

கடைசியில் நான்கு வரியில் எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எழும்பாமல் இருந்துவிட்டால் நல்லது என்ற நினைப்பையும் இரண்டு மணி முழிப்பையும் விசுவாசக் குறைவின் கணக்கில் எழுதாதீர்கள். எட்டு மாசமாக இரவும் பகலும் ஒரே ஆளாக நோயாளியைப் பார்க்கிறவர்களுக்கு மனச்சோர்வு நோய் வருவது சகஜம். அதற்கு மருந்தும் இருக்கிறது, பேச்சு சிகிச்சையும் இருக்கிறது. இந்த வாரத்திலேயே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு. அந்த நினைப்பு பலமாக வருகிற ராத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்காமல் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசாங்கச் சேவை அது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உங்கள் பிள்ளைகளில் பெரியவரிடமோ கூடப்பிறந்தவர்களிடமோ இந்த ஒன்றை மட்டுமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து அந்தச் சனிக்கிழமை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது உண்மை. அப்போதும் எல்லாருக்கும் கொடுக்க முடியாது, கொடுத்த எல்லாருக்கும் பேச்சு திரும்புவதும் இல்லை. வாய் கோணினாலோ, ஒரு கை மரத்தாலோ, பேச்சு குழறினாலோ ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடவேண்டும் என்று இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். ஆனால் நீங்கள் கணவரை வீட்டில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. டாக்டரிடம் கொண்டுபோனீர்கள், அவர் சொன்னதை நம்பினீர்கள். இன்று தெரிந்ததை வைத்து அன்றைய உங்களைக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆண்டவர்மேல் உங்களுக்கு இருக்கும் கோபத்தைவிட உங்கள்மேலேயே இருக்கும் கோபம்தான் பெரிது என்று எனக்குப் படுகிறது.

பாவத்தைத் தேடச் சொன்ன அம்மாவுக்கு யோவான் 9-ஆம் அதிகாரமே பதில். பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு சொன்னார். அதற்குமேல் இந்தப் பேச்சுக்கு நேரம் கொடுக்காதீர்கள்.

இனி அந்தப் பாட்டு. இதைப் பற்றித்தான் உங்களிடம் நிறையப் பேச வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை நடத்துவது மூளையின் இடது பக்கம். உங்கள் கணவருக்கு வலது கை விழுந்து பேச்சும் போயிருக்கிறது என்றால் அடி விழுந்தது இடது பக்கத்தில். ராகத்துக்கும், சிறு வயதிலிருந்து பாடிப் பாடி ஊறிப்போன பாட்டுகளுக்கும் வலது பக்கத்தின் துணை அதிகம். அதனால்தான் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கமுடியாத ஆள் முழு வரியைப் பிசகாமல் பாடமுடிகிறது. பக்கவாதத்தில் பேச்சிழந்த பலரிடம் இதைப் பார்க்கலாம். தங்கை, ஆண்டவர் தமக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டு உங்கள் பங்கைப் பிடித்துவைக்கவில்லை. இத்தனை வருஷம் பாடகர் குழுவில் அவர் பாடிச் சேர்த்தது அந்த அடி படாத பக்கத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. அன்று இருட்டில் வெளியே வந்தது அதுதான்.

அந்த வழியாகச் சொற்களை வரவழைக்கும் பயிற்சியும் இருக்கிறது. "தண்ணி வேணும்" மாதிரி சின்னச் சொற்றொடரை இரண்டு மூன்று சுரத்தில் ராகமாக்கி, இடது கையால் மெதுவாகத் தாளம் தட்டிக்கொண்டே சொல்லவைப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ராகத்தைக் குறைத்துப் பேச்சாக்கப் பார்ப்பார்கள். எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் அவர் பாடினார் என்பதைப் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முடிந்தால் போனில் பதிவுசெய்து காட்டுங்கள். உங்கள் பெயரையும் அந்தப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.

அடுப்பங்கரையில் கேட்டதற்காகப் பயப்படுகிறீர்கள். ஜெபம் வரவில்லை என்று எழுதிவிட்டு, கீழேயே ஒரு ஜெபத்தை முழுசாக எழுதியிருக்கிறீர்களே! 13-ஆம் சங்கீதம் எப்படித் தொடங்குகிறது? "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." 88-ஆம் சங்கீதத்தைக் கடைசிவரை படித்துப் பாருங்கள். ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல், தெரிந்தவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள் என்ற புலம்பலோடு நின்றுவிடுகிறது. அதையும் யாரும் வெட்டி எறியவில்லை, பாட்டுப் புத்தகத்திலேயே வைத்திருந்தார்கள். யோபுவின் கதையிலும், ஆண்டவருக்காகப் பரிந்துபேசிய சிநேகிதர்கள்மேல்தான் கடைசியில் ஆண்டவர் கோபப்பட்டார். முகத்துக்கு நேராக வழக்காடிய யோபுவை, தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினவன் என்றார். முறையிடுகிறவள் யாரோ கேட்கிறார் என்று நம்புகிறதால்தானே முறையிடுகிறாள்? உங்கள் விசுவாசம் அன்று அடுப்பங்கரையில்தான் நின்றுகொண்டிருந்தது.

அதைக்கூடச் சொல்லமுடியாத நாளும் வரும். எப்படி வேண்டிக்கொள்வதென்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவர்தாமே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26-இல் இருக்கிறது. சொல் இல்லாமல் வேண்டுவது என்றால் என்னவென்று உங்கள் வீட்டுக்கு இப்போது நன்றாகத் தெரியும். அவர் "அதான்" என்றதும் தண்ணீரா வலியா என்று நீங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறீர்கள் இல்லையா?

ஃபிரிட்ஜில் இருக்கும் அட்டையைக் கிழிக்க வேண்டாம். பேனாவை எடுத்து மீதியை எழுதுங்கள். ஏசாயா 43:19 அந்த ஒரு வரியோடு முடியவில்லை. "நான் வனாந்தரத்திலே வழியையும் அவாந்தரவெளியிலே ஆறுகளையும் உண்டாக்குவேன்" என்று போகிறது. சொந்த ஊரைவிட்டுப் பாபிலோனில் சிறையிருந்த ஜனங்களுக்குச் சொன்னது அது. வனாந்தரத்தை இல்லாமல் ஆக்கிவிடுவேன் என்று அதில் இல்லை. அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனம், நீ தண்ணீர்களைக் கடக்கும்போது உன்னோடு இருப்பேன் என்கிறது. தண்ணீரே வராது என்று சொல்லவில்லை. இப்படி முன்பாதியை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மீதியைப் படிக்காதவர்கள், இந்த வருஷம் நல்லதுதான் நடக்கும் என்று எழுதிக்கொடுத்த பத்திரம்போல அதை நம்பிவிடுகிறார்கள். உங்கள் கணவரின் வியாதியைத்தான் ஆண்டவர் "புதிய காரியம்" என்றார் என்று நான் ஒருக்காலும் சொல்லமாட்டேன். வழி எது, ஆறு எது என்று பார்க்க நாள் ஆகும். இன்றே கண்டுபிடித்துச் சாட்சியாகச் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சங்கத்தில் கூப்பிட்டால், "இப்போது முடியாது, எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லுங்கள், போதும்.

உங்கள் மாவட்டத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்து கால் முறிந்தார். ஊர் ஊராகச் சுற்றிப் பிள்ளைகளைக் காப்பாற்றியவருக்கு அதோடு ஓட்டம் நின்றது. 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் ஒரே அறைதான், படுக்கைதான். சுகம் கேட்டு ஜெபித்தார்கள், கிடைக்கவில்லை. அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். வியாதிக்காரர்களுக்கு அவர் எழுதியது நல்ல தேகத்தோடு இருப்பவர் எழுதக்கூடியதே இல்லை. அவரைப்போல ஆகவேண்டும் என்று உங்களுக்குச் சுமை ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நினைத்திராத அறைக்குள் அடைபட்ட ஒருத்தி உங்களுக்குப் பக்கத்து ஊரிலேயே இருந்தாள் என்று தெரியட்டும்.

புதுப்பெலன் எப்படி வரும் என்று கேட்டால் நான் எலியா தீர்க்கதரிசியைத்தான் காட்டுவேன். சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டவர் அவர். வந்த தூதன் வேதபாடம் நடத்தவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். தூதன் இரண்டாம் முறை தட்டி எழுப்பி மறுபடியும் சாப்பிடத்தான் சொன்னான். மலையில் ஆண்டவர் மெல்லிய சத்தத்தில் அவரோடு பேசியது அதற்கு அப்புறம்தான். ஒத்தாசைக்கு எலிசா என்று ஒரு ஆளும் வந்தது அந்தப் பயணத்தின் முடிவில்தான்.

உங்களுக்கும் அந்த வரிசைதான். ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பை ஆறு மாசத்துக்கு இன்னொருவரிடம் கொடுங்கள். "என்ன உதவி வேண்டும்" என்று கேட்கிற சபையாரிடம் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பதோடு விட்டுவிடாமல், "வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் இவரோடு உட்காருங்கள்" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். பாடகர் குழுவில் அவரோடு டெனர் பாடியவர்கள் வந்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் நீங்கள் தூங்குங்கள்.

வீட்டு ஜெபத்தை நீங்கள் நடத்த வேண்டாம். பழையபடி அவரே நடத்தட்டும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள், அவர் பாட்டை எடுக்கும்வரை காத்திருங்கள். எடுக்காத நாளில் சும்மா இருந்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். எடுத்த நாளில் அடுப்பங்கரைக்குப் போய்விடாதீர்கள். மூன்றாம் வரியில் அவர் திணறினால் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். அழுகை வந்தால் அவர் பார்க்கவே அழுங்கள்.

டாக்டரைப் பார்த்தீர்களா, தூக்கம் வந்ததா என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா