வயிறு எரியுது

வணக்கம் ஐயா. என் மகள் உளவியலில் இளங்கலை முடித்துவிட்டாள். மலேசிய உளவியல் சங்கத்தில் உறுப்பினரானால் ஆட்களைப் பார்த்து சிகிச்சை தரலாமா? கட்டணம் கட்டிச் சேர்வதில் பிரயோசனம் உண்டா? ஆறாம் ஆண்டோடு தமிழை விட்டுவிட்டாள். இந்த வேலைக்கு ஆங்கிலமே போதும்தானே?
- ஒரு வாசகி, செந்தூல்

அன்புள்ள சகோதரி,

சங்க உறுப்பினர் அட்டை வேறு, தொழில் பதிவு வேறு. மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமானால் முதுகலை படித்து, 2016-இன் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் (சட்டம் 774) கீழ் பதிய வேண்டும். கவுன்சலர் என்று பலகை மாட்ட 1998-இன் கவுன்சலர்கள் சட்டத்தின் (சட்டம் 580) கீழ் பதிய வேண்டும். சங்கத்தில் சேரட்டும், மூத்தவர்களின் பழக்கம் கிடைக்கும். கட்டணத்தை அவளே யோசித்துக்கொள்ளட்டும்.

சரி, ஆங்கிலம் போதும் என்கிறீர்களே, யாருக்குப் போதும்?

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அத்தையின் மகன் மோட்டார்சைக்கிள் விபத்தில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அத்தைக்கு மலாய் தடுமாறும் என்பதால் கிளினிக்குக்கு என்னைக் கூட்டிப்போனார். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார். "வயிறு எரியுதுப்பா" என்றார் அத்தை. நான் "பெருத் பானாஸ்" என்றேன். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு காஸ்ட்ரிக் என்றார். ஒரு பாட்டில் வெள்ளை மருந்து கொடுத்தார்கள். அத்தை வாய் திறக்காமல் அதை வேளை தவறாமல் குடித்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வயிறு எரிகிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும். மலாயில் சொல்லத்தான் தெரியவில்லை.

உங்கள் மகளிடமும் அப்படி ஒருவர் வருவார். "நெஞ்சு அடைக்குது" என்பார், "யாரோ செஞ்சு வச்சிட்டாங்க" என்பார். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை திறந்தது 1911-இல். இன்னமும் நம் ஆட்கள் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் கேலி செய்கிறார்கள். அந்தக் கேலிக்கு அஞ்சாமல் ஒரு அம்மா படியேறி வந்து உட்காரும்போது, மொழிபெயர்க்க மருமகளைக் கூட்டிவா என்பாளா உங்கள் மகள்? மருமகளைப் பற்றித்தான் அவர் பேச வந்திருப்பார்.

தமிழை விட்டுவிட்டாள் என்று ஏதோ பல் விழுந்தது போல எழுதுகிறீர்கள். வீட்டில் அவளோடு தமிழில் பேசுவதை முதலில் நிறுத்தியது யார்? கோபித்துக்கொள்ளாமல் யோசியுங்கள். அவள் நல்ல பிள்ளை. இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தவளுக்கு மனிதர்கள் மேல் அக்கறை இல்லாமல் இருக்காது.

பாட்டி இருந்தால் வாரம் ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கட்டும். அவர் சொல்வதைச் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதட்டும், தமிழில்.