பாபிலோன் பலகையில் 2-இன் வர்க்கமூலம்: கணக்கு ஏன் இடிக்கிறது?

வணக்கம். யேல் பல்கலைக்கழகக் களிமண் பலகையில் உள்ள 1, 24, 51, 10 என்ற எண்களை 1.245110 என்று எழுதிப் பார்த்தும் 2-இன் வர்க்கமூலம் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பாபிலோனியர் கணக்கு பத்து பத்தாகப் போகாது, அறுபது அறுபதாகப் போகும். 24-ஐ 60-ஆலும், 51-ஐ 3,600-ஆலும், 10-ஐ 2,16,000-ஆலும் வகுத்து 1-உடன் கூட்டுங்கள். 1.41421296 வரும். உண்மை மதிப்பு 1.41421356. சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன் ஈரக் களிமண்ணில் கீறிய கணக்கு, ஐந்து தசம இடம் வரை அச்சாகப் பொருந்துகிறது! எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

அப்புறம், பலகையில் வரைந்துள்ள சதுரத்தின் ஒரு பக்கத்தின் மேல் 30 என்று இருக்கும். அந்த 30-ஐ இந்த வர்க்கமூலத்தால் பெருக்கினால் சதுரத்தின் மூலைவிட்டம். பலகையில் 1, 24, 51, 10-க்குக் கீழே உள்ள 42, 25, 35 அதுதான். தசமப்புள்ளி போன்ற குறி அவர்களிடம் கிடையாது. முழு எண் எங்கே முடிகிறது என்பதைக் கணக்கின் போக்கைப் பார்த்து நாம்தான் கண்டுகொள்ள வேண்டும்.