பட்டறைப் பதில்கள்: புல்லிங் குறைந்த பிக்கப்பும் அகல டயர் ஆசையும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிக்கப் வண்டிதான். மழைக்கு முன்னால் டயர் மாற்றலாமா என்று கேட்பவர்கள் ஒரு பக்கம், இருக்கிற இன்ஜினிலிருந்து இன்னும் கொஞ்சம் இழுவை கிடைக்குமா என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து குமுளி வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றுகிறேன். 2021 மாடல், 1.3 டன் பிக்கப். ஆறு மாதமாக மலை ஏறும்போது புல்லிங் இல்லை, மூன்றாவது கியரில் ஏறிய இடமெல்லாம் இப்போது இரண்டாவதில்தான். லேப்டாப் வைத்து இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி ரீமேப் செய்தால் 20 குதிரைசக்தி கூடும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஆறு மாதம் முன்பு வரை ஏறிய வண்டிதானே? அப்படியானால் அதற்குச் சக்தி குறைவில்லை, இருந்த சக்தி எங்கேயோ ஒழுகிப் போகிறது. ஒழுகும் பானையில் இன்னும் இரண்டு குடம் ஊற்றுவதற்கு முன் ஓட்டை எங்கே என்று பார்த்துவிடலாம்.

முதலில் வண்டியைக் காலியாக நிறுத்தி, பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். (முன் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க மறக்க வேண்டாம்.) போன வருடம் எங்கள் பட்டறைக்கு ஒரு தக்காளி வண்டி இதே புகாருடன் வந்தது. அதற்குள் வேறொரு இடத்தில் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றிச் சோதித்து, நல்ல தொகை வாங்கியிருந்தார்கள். தூக்கிப் பார்த்தால் வலது பின் சக்கரத்தை இரண்டு கை போட்டாலும் திருப்ப முடியவில்லை. ஹேண்ட்பிரேக் கேபிள் உள்ளே துருப்பிடித்து, விட்ட பிறகும் திரும்பி வராமல் நின்றுவிட்டது. மாதக்கணக்கில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மலை ஏறியிருக்கிறது பாவம். டிரம் மேல் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்றது. கேபிள் மாற்றி, தேய்ந்த லைனருக்குப் பதில் புதிது போட்டதும் பழைய இழுவை வந்துவிட்டது.

சக்கரம் நன்றாகச் சுற்றினால் அடுத்தது காற்று வரும் வழி. ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டிப் பாருங்கள், செம்மண் கொட்டினால் மாற்றிவிடுங்கள். சில இடங்களில் ஃபில்டர் டப்பாவிலேயே ஓட்டை போட்டு "இனி நல்லா மூச்சு விடும்" என்பார்கள். அந்த ஓட்டை வழியாகப் போவது இன்ஜின் அறையின் சூட்டுக் காற்று, ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் ஓட்டை விழுந்திருந்தால் தூசியும் சேர்ந்து போகும், டர்போ இறக்கை தேய்ந்த பிறகுதான் தெரியும். அப்புறம் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரலால் தடவிப் பாருங்கள். இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு மண் ஒட்டியிருந்தால், அங்கே காற்று கசிகிறது என்று சந்தேகப்படலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கும். காலியாகப் போகும்போது தெரியாது, பாரத்தோடு ஏறும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். டீசல் ஃபில்டர் அடைப்பும் அப்படித்தான். கடைசியாக கிளட்ச்: ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது.

இத்தனையும் சரியாக இருந்தும் ரீமேப் வேண்டுமென்றால் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். டீசல் அளவையும் டர்போ அழுத்தத்தையும் கூட்டுகிறார்கள், அவ்வளவுதான். காரில் ஓவர்டேக் செய்ய பத்து விநாடி மிதிப்பதற்கு அது தாங்கும். நீங்கள் பாரத்தோடு மலை ஏறி முடியும் வரை ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இருப்பவர். கம்பெனி முழுச் சக்தியையும் எடுக்காமல் விட்டுவைத்த இடைவெளி, அந்தச் சூட்டுக்காகவும் கண்ட பங்க்கில் போடும் டீசலுக்காகவும்தான். அதையும் எடுத்துவிட்டால் முதலில் கிளட்ச் போகும், புகை கூடி, புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் சல்லடை அடைக்கும், வாரண்டி இருந்தால் அதுவும் போய்விடும். ரீமேப் இல்லை, ஒரு சின்ன பெட்டிதான் என்று சொல்லிச் சிலர் விற்பார்கள். அவற்றில் பல, டீசல் அழுத்தம் குறைவாக இருப்பதாக கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லி அதிகம் ஊற்ற வைப்பவை. பொய் சொல்லும் பெட்டியை நம்பி மலை ஏறுவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

கேள்வி: ஐயா, ஊட்டி கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறோம். என் வண்டியில் 215/75 R15 டயர். டிஸ்க்கை (டயர் உட்காரும் இரும்பு வீலை) மாற்றாமல் 235/75 போட்டால் பார்க்கவும் கம்பீரம், கிரிப்பும் கூடும் என்கிறான் என் தம்பி. போடலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் தம்பிக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள் அம்மா. 215 என்பது மில்லிமீட்டரில் அகலம், 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது, 15 என்பது டிஸ்க்கின் அங்குலம். அந்தக் கணக்கில் உங்கள் டயரின் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர், 235/75 போட்டால் 733. மூன்று சென்டிமீட்டர், அதாவது நூற்றுக்கு நாலு பங்குக்கு மேல். மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 62, 63-ல் போவீர்கள், அதை விட்டுவிடலாம். ஆனால் ஒவ்வொரு கியரும் அந்த நாலு பங்கு உயர்ந்த கியர் மாதிரி ஆகிவிடும், ஏற்றத்தில் இழுவை குறையும், இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கின் பிடியும் அதே அளவு குறையும். ஊட்டி மலை இறங்கும் வண்டிக்கு இது வேண்டாத வேலை. முழுப் பாரத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மட்கார்டில் உரசுகிறதா என்பது இன்னொரு தலைவலி.

நீங்கள் டயரில் பார்க்க வேண்டிய எண் வேறு. அளவுக்குப் பக்கத்தில் 100S, 106 என்ற மாதிரி ஓர் எண் இருக்கும், அதுதான் பாரக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 106 என்றால் 950, 112 என்றால் 1120. இதே 215/75 R15 அளவில் ஜீப் வகைப் பயணிகள் வண்டிக்கான 100S டயரும் கடையில் இருக்கும். அளவு சரியாக உட்காரும், விலையும் இறங்கி வரலாம், ஏமாறுவது இங்கேதான். காலி வண்டியில் பின் பக்கம் மட்டும் 600 கிலோ என்று வையுங்கள், 1300 கிலோ கேரட் ஏற்றினால் அதில் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான் உட்காரும். எப்படிப் பார்த்தாலும் 1700-ஐத் தாண்டும். இரண்டு 100S டயர் தாங்குவது 1600. வெயிலில், பாரத்தில், இறக்கத்தில் பக்கச் சுவர் சூடாகி வெடிக்கிற கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. எல்டி (இலகு சரக்கு வண்டி) என்றோ 8பிஆர் (எட்டு அடுக்கு பலம்) என்றோ போட்ட சரக்கு வண்டி டயரையே கேளுங்கள், கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து வேகக் குறியீடு, Q என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர். நம் சரக்கு வண்டிகளை 80-ல் கட்டித்தானே விடுகிறார்கள், அந்த எழுத்துக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ரோட்டில் படும் ரப்பர் வெட்டு, அதைத்தான் பட்டன் என்போம். உங்களுக்கு முன்னால் ரிப், அதாவது நீளவாக்கில் கோடு போட்டது. ஈர ரோட்டில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். தோட்டத்துச் சேற்றுக்குள் போய் ஏற்றுவதானால் பின்னால் செமி லக், நடுவில் கோடும் ஓரத்தில் குறுக்குக் கட்டைகளும் உள்ளது. முழு லக் தார் ரோட்டில் சத்தம் போடும், சீக்கிரம் தேயும், மழையில் அவ்வளவு பிடிக்காது. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல் ஒரு பக்கம் நைலான் என்று கலக்கவே கூடாது. முன்னால் ரீட்ரெட் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) வேண்டாம், எவ்வளவு நன்றாகப் போட்டிருந்தாலும் சரி.

கேள்வி: ராசிபுரம் பக்கம் மரவள்ளி ஏற்றுகிறேன். பின்னால் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டால் 2 டன் ஏற்றலாமா?

பதில்: ஏற்றலாம், நிறுத்த முடியாது. பட்டை வண்டியைத் தாழாமல் தூக்கித்தான் பிடிக்கும். அச்சு, பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழைய கணக்கிலேயே இருக்கும். வண்டி தாழாததால் பாரம் அதிகம் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும், அதுதான் பெரிய ஆபத்து. பிடிபட்டால் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 2,000. இரண்டு நடையாக அடியுங்கள்.

கேள்வி: கோயம்பேட்டிலிருந்து நகருக்குள்ளேயே கடை கடையாக இறக்குகிறேன். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. அதைக் கழற்றிக் குழாய் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை என்கிறார்கள்.
– ஒரு வாசகர், விருகம்பாக்கம்

பதில்: டிபிஎஃப் என்பது புகைக்கரியைப் பிடித்துவைக்கும் சல்லடை. பிடித்த கரியை அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் அதுவே எரித்துக்கொள்ளும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டியில் அந்தச் சூடு வருவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறீர்கள், கரி சேர்கிறது, விளக்கு எரிகிறது. விளக்கு வந்த அன்றே, இரவு சரக்கு இறக்கியபின் மதுரவாயல் பைபாஸில் ஏறி 60-ல் சீராக இருபது நிமிடம் ஓட்டுங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டால் சர்வீஸில் வைத்து எரிக்கச் சொல்லலாம். இன்னொன்று, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறினால் பாதியில் நின்ற எரிப்பால் டீசல் ஆயிலில் கலந்திருக்கலாம், உடனே மாற்றிவிடுங்கள். கழற்றிப் போடுவது மோட்டார் வாகனச் சட்டப்படி தவறு, எஃப்.சி.யிலும் மாட்டும், விற்கும்போதும் மாட்டும்.

கேள்வி: உடன்குடியிலிருந்து எழுதுகிறேன். தேரி மணலில் பனங்காட்டுக்குள் போனால் பின் சக்கரம் புதைகிறது. மட் டயர் போடட்டுமா?

பதில்: மட் டயரின் ஆழமான பட்டன் சேற்றுக்கு. தேரி மணலில் அது மண்வெட்டி மாதிரி தோண்டி இன்னும் வேகமாகப் புதையும். காசில்லாத வழி காற்றை இறக்குவது. காலி வண்டியில் பின் டயரை 20, 25 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் பரந்து உட்கார்ந்து மணலுக்கு மேலேயே போகும். மெதுவாக, ஒரே சீராக, நடுவில் கியர் மாற்றாமல் ஓட்டுங்கள். புதைந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இறங்கிச் சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தள்ளிப் பனை மட்டையைப் போடுங்கள். பாரம் ஏற்றுவதற்கு முன்பும் தார் ரோடு ஏறுவதற்கு முன்பும் காற்றைப் பழைய அளவுக்கு அடித்தாக வேண்டும், அதனால் ஒரு சின்ன கம்ப்ரசரும் கேஜும் வண்டியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடுமா?

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக, காலையில் வண்டி எடுக்கும் முன் குளிர்ந்த டயரில் வாரம் ஒருமுறை அடியுங்கள். மைலேஜ் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: பாதி விலைக்குப் புது டயர் தருகிறார்கள், பட்டன் தேயவே இல்லை. வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: பக்கச் சுவரில் ஒரு சின்ன வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. கடையில் வெயில் படாமல் கிடந்தாலும் ரப்பர் கிழடாகும். டயரை வளைத்துப் பட்டன் இடுக்கில் நகத்தால் கீறிப் பாருங்கள், மெல்லிய வெடிப்பு தெரிந்தால் பாதி விலை இல்லை, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அப்படியே உங்கள் வண்டிக்கு அடியில் தொங்குகிற ஸ்டெப்னியையும் கழற்றி அந்த நாலு இலக்கத்தைப் படித்துவிடுங்கள், அதை வாங்கின நாளிலிருந்து யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.