மார்ஃபினை மணி பார்த்துக் கொடுங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். அப்பாவுக்கு வயது 67. கன்னத்தில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கரண்ட் வைத்தது எல்லாம் முடிந்தது. மறுபடி கட்டி வந்திருக்கிறது, வலி தாங்கவில்லை. மார்ஃபின் 10 மி.கி. மாத்திரையை காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 மணிக்குப் போடச் சொல்லி, இரவுக்கு மட்டும் இரண்டு என்று எழுதியிருக்கிறார்கள். தப்பாக எழுதிவிட்டார்களோ என்று பயந்து, துடிக்கும்போது மட்டும் ஒன்று கொடுக்கிறோம். நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ‘மார்ஃபின் ஆரம்பித்தால் கடைசி நாள்தான்’ என்கிறார்கள் உறவினர்கள். ஐந்து நாளாக வெளிக்கே போகவில்லை. தூங்கட்டும் என்று பக்கத்து வீட்டு மாமா தன் தூக்க மாத்திரையில் பாதி கொடுத்திருக்கிறார். மார்ஃபினைத் தொடரலாமா?

பதில்: தொடரலாம், தொடர வேண்டும். தூக்க மாத்திரையை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சீட்டில் தவறு எதுவும் இல்லை. உங்களிடம் இருப்பது உடனே கரையும் மாத்திரை. ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்து, நாலு மணி நேரத்தில் வேலை தீர்ந்துவிடும். அதனால்தான் 6, 10, 2, 6, 10. இந்தக் கணக்கில் நடுராத்திரி 2 மணிக்கும் ஒன்று வர வேண்டும். அதற்காக அவரை எழுப்பக் கூடாது என்றுதான் அந்த ஒன்றையும் 10 மணியோடு சேர்த்து இரண்டாக எழுதுகிறார்கள்.

துடித்த பிறகு கொடுப்பதில் இரண்டு நஷ்டம். ஏறிவிட்ட வலியை இறக்குவது கடினம். மாத்திரை பிடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் அவர் தவித்துவிடுவார். இன்னொன்று, விட்டு விட்டுப் போடும் உடம்புக்கு மருந்து பழகுவதில்லை. வாந்தி, கிறக்கம் எல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாக வரும். ஒழுங்காகப் போட்டால் இவை ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். அதுவரை சாப்பிடுவதற்கு முன் போட வாந்தி மாத்திரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் இத்தனை நாள் ஒன்றோ இரண்டோதான் கொடுத்திருக்கிறீர்கள். நாளைக் காலையிலேயே முழு அளவுக்குத் தாவாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரையோ, வலி நிவாரணப் பிரிவு நர்ஸையோ கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுங்கள். வயதையும் எடையையும் பார்த்து, முதல் சில நாளுக்குப் பாதி மாத்திரையில் ஆரம்பிக்கச் சொல்லலாம்.

கன்னத்தில் புண் இருப்பவருக்கு முழுசாக விழுங்குவது கஷ்டம். இந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாம். இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, சின்ன டம்ளரில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கலக்கி உடனே கொடுங்கள். டம்ளரை இன்னும் கொஞ்சம் தண்ணீரால் அலசி அதையும் கொடுங்கள், அடியில் ஒட்டிய பொடியும் மருந்துதான். கசக்கும், சர்க்கரை சேர்க்கலாம். மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தாலும் இதே முறைதான். பின்னாளில் 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று வேறு மாத்திரை தந்தால், அதை மட்டும் உடைக்கவே கூடாது. அரை நாளில் மெல்ல இறங்க வேண்டிய மருந்து அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

இடையில் வலி கிளம்பினால் ஒரு வேளை அளவை, அதாவது 10 மி.கி.யைக் கூடுதலாகக் கொடுப்பது வழக்கம். பாதியில் ஆரம்பித்தால் இதுவும் பாதிதான். உங்கள் சீட்டில் இது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த வேளை அதன் நேரத்துக்கு வழக்கம்போல் வரும். தினமும் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்: எத்தனை மணிக்குப் போட்டது, வலி பத்துக்கு எவ்வளவு, வெளிக்குப் போனாரா. கூடுதல் மாத்திரை நாளுக்கு மூன்றைத் தாண்டினால் அந்தத் தாள்களோடு மருத்துவரைப் பாருங்கள். வேளை அளவை அவர் ஏற்றுவார், நீங்களாக ஏற்ற வேண்டாம். மறந்த வேளையை நினைவு வந்ததும் கொடுக்கலாம். ஆனால் விட்டதை ஈடுகட்ட இரண்டு வேளையை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது; இரவு 10 மணிக்கு எழுதிய இரண்டு மட்டும் விதிவிலக்கு.

உறவினர்கள் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மார்ஃபினை இறக்கும் தறுவாயில் மட்டுமே கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தவர்கள் மருந்தையும் மரணத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அளவாகக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலி அடங்கியவர் தூங்குகிறார், கஞ்சியாவது குடிக்கிறார், திண்ணையில் வந்து உட்காருகிறார். அடிமையாவதும் உடம்பு மருந்துக்குப் பழகுவதும் வேறு வேறு. சில வாரம் போட்டபின் திடீரென நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். இது உடம்பு பழகியதன் அடையாளம். வலி குறைந்தால் மருத்துவர் படிப்படியாக இறக்கி நிறுத்திவிடுவார்.

இப்போது மலச்சிக்கலுக்கு வருகிறேன். உங்கள் அப்பாவை அதிகம் வாட்டப் போவது இதுதான். மார்ஃபின் குடலின் அசைவை மந்தமாக்கும். வாந்தியும் கிறக்கமும் பழகிப்போகும், இது மட்டும் பழகாது. ஆகவே மார்ஃபின் போடும் நாள் வரைக்கும் மலமிளக்கியும் தினமும் வேண்டும். பிசகோடில் 5 மி.கி. மாத்திரை இரவில் இரண்டு என்று தருவது வழக்கம். அதை நசுக்கக் கூடாது, பாலோடும் கொடுக்கக் கூடாது. மேல்பூச்சு முன்னதாகவே கரைந்து வயிறு பிசையும். விழுங்க முடியாத உங்கள் அப்பாவுக்கு சோடியம் பிகோசல்ஃபேட் அல்லது லாக்டுலோஸ் சிரப் கேளுங்கள். இசப்கோல் வேண்டாம். தண்ணீர் அதிகம் குடிக்க முடியாதவருக்கு அது குடலிலேயே களிமண்ணாக இறுகிவிடும். வாழைப்பழமும் கீரையும் நல்லதுதான், ஆனால் இந்தச் சிக்கலைத் தனியாக அவிழ்க்க அவற்றால் முடியாது.

ஐந்து நாள் ஆகிவிட்டதால் கீழே மலம் கெட்டியாக அடைத்திருக்கலாம். நர்ஸ் பார்த்து எனிமா கொடுக்க வேண்டியிருக்கும். இடையில் தண்ணீராகக் கசிந்தால் பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிடாதீர்கள். அடைப்பைச் சுற்றிக் கசிவதாகவும் இருக்கலாம். வயிறு உப்பி வாந்தியும் எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

தூக்க மாத்திரையை ஏன் நிறுத்தச் சொன்னேன்? மார்ஃபினும் மூச்சை மெதுவாக்கும், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும் மெதுவாக்கும். சாராயமும் அப்படியே, கோடீன் கலந்த இருமல் மருந்தும் அப்படியே. தனியாகப் பிரச்சினை தராத அளவுகள்கூடச் சேர்ந்தால் ஆபத்தாகும். வலி அடங்கினால் தூக்கம் தானாக வரும்.

முதல் சில நாள் அசதியாகத் தூங்குவார், கூப்பிட்டால் விழிப்பார். அதில் பயமில்லை. உலுக்கியும் சரியாக விழிக்காவிட்டால் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பத்துக்குக் கீழே இருந்தால், அல்லது கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தால், அடுத்த வேளையைக் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வருபவர்களிடம் ‘மார்ஃபின் சாப்பிடுகிறார்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முறிக்க நலாக்சோன் என்ற ஊசி இருக்கிறது.

கை கால் திடீர் திடீரென வெட்டி இழுப்பது, இல்லாததைப் பார்த்துப் பேசுவது, இவை மருந்து உடம்பில் தேங்குவதைக் காட்டும். மார்ஃபினின் கழிவு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மெடிக்கலில் உதிரியாக வாங்கும் டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் அந்தச் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கின்றன. நடவு, களையெடுப்பு என்று இடுப்புவலிக்கு வருஷக்கணக்கில் அதைப் போட்டவர் என்றால் மருத்துவரிடம் சொல்லி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீர் இறங்காமல் சிறுநீர் குறைந்தாலும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்; அளவைக் குறைப்பார்கள், அல்லது இடைவெளியைக் கூட்டுவார்கள்.

மார்ஃபின் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாடுகள் 2014 திருத்தத்தில் தளர்ந்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வழியாகத் தருகிறார்கள். நடக்க முடியாத நிலை வந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸைப் பற்றி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை முழுகும் ஊர் என்றால், ஒரு வாரத்துக்கு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். சீட்டு எப்போதும் மாத்திரையோடு இருக்கட்டும்.

பூட்டுள்ள பெட்டியில், பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். முட்டிவலி என்று யார் கேட்டாலும் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். அப்பாவுக்குப் பழகிய அளவு பழகாத ஒருவரின் மூச்சை அடக்கிவிடலாம். மருந்து மாறினாலோ தேவையில்லாமல் போனாலோ, மீதியை எண்ணி, தந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.