வாரம் ஒன்று என்ற வைட்டமின் டி மாத்திரையை தினமும் போட்டுவிட்டால்

அம்மா 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்றுக்குப் பதில் ஐந்து நாள் தொடர்ந்து போட்டுவிட்டார் என்கிறீர்கள். முதலில் பதறாதீர்கள். மொத்தம் 3 லட்சம் யூனிட், சில டாக்டர்கள் ஒரே தவணையிலேயே கொடுக்கிற அளவுதான் அது, ஆனால் அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. இன்றே நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். இது கொழுப்பில் கரைகிற வைட்டமின், உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்வார். கூடவே கால்சியம் மாத்திரை, சத்து மாத்திரை, டிகாக்சின் (இதயத்துக்கான மாத்திரை) ஏதாவது போடுகிறாரா, சிறுநீரகக் கோளாறோ கல்லோ உண்டா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். வாந்தி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு, இதில் எது தெரிந்தாலும் போனை வைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு.

என் மாமியாரும் இதையே செய்தார், சீட்டில் டாக்டர் எழுதியது யாருக்குப் புரிகிறது! அப்புறம் அட்டையிலேயே ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் 'ஞாயிறு 7', 'ஞாயிறு 14' என்று மார்க்கரில் எழுதிவிட்டேன். டாக்டர் மறுபடி தொடங்கச் சொன்னால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். ஒரு வாரம் மறந்துபோனால் இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.