கேள்வி – பதில்: காட்டுக் காளானைக் கவிழ்த்துப் பாருங்கள்

குடியாத்தம் வாசகி: என் மகள் ஜெர்மனியில் மியூனிக் பக்கம் வேலை பார்க்கிறாள். செப்டம்பர் வந்தால் கூட வேலை செய்பவர்களோடு காட்டுக்குப் போய் 'ஷ்டைன்பில்ட்ஸ்' என்று ஏதோ காளான் பறித்து வந்து சமைக்கிறாள். போட்டோ பார்த்ததில் இருந்து எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அது நல்ல காளான்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஜெர்மனியில் ஷ்டைன்பில்ட்ஸ், இத்தாலியில் போர்ச்சினி, பிரான்சில் செப். எல்லாம் ஒரே காளான்தான்; அறிவியல் பெயர் பொலேட்டஸ் எடுலிஸ். மகளிடம் சொல்லுங்கள்: கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பார். குடைக்கு அடியில் தகடு தகடாகச் செவுள் இருந்தால் கூடையில் போடாதே. ஐரோப்பாவில் அதிகம் பேரைக் கொல்கிற அமானிட்டா ஃபலாய்டஸ் செவுள் உள்ளது. ஷ்டைன்பில்ட்ஸ் சேர்ந்த பொலீட் வகைகளுக்குச் செவுளே கிடையாது. கல்தோசையின் மேல்புறம் போலப் பொடிப்பொடியாகத் துளைகள்தான் இருக்கும். பாக்சில்லஸ் என்று பொலீட்டுக்குத் தூரத்து உறவான ஒன்று உண்டு. 1944இல் ஜெர்மன் காளான் நிபுணர் யூலியஸ் ஷேஃபர் இறந்தது அதைச் சாப்பிட்டுத்தான். அதற்கும் செவுள் இருப்பதால் இந்த ஒரு விதியிலேயே அதுவும் கழிந்துவிடும்.

துளை இருக்கிறதா, அடுத்தது தண்டு. ஷ்டைன்பில்ட்ஸின் தண்டு அடியில் பருத்து, மேல்பாதியில் மெல்லிய வெள்ளை வலைப்பின்னல் மேலெழுந்து தெரியும். விரலால் தடவினாலே தட்டுப்படும். துளைகள் பிஞ்சில் வெள்ளை, பிறகு மஞ்சள், முற்றினால் ஆலிவ் பச்சை. நெடுக்குவாட்டில் இரண்டாக வெட்டினால் சதை வெள்ளையாகவே நிற்கும். குடைத் தோலுக்குச் சற்று கீழே லேசான ஒயின் சிவப்புக் கோடு ஓடும். வெட்டிப் பார்ப்பதில் இன்னொரு லாபம், புழு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஏமாற்றுவது இதன் இரட்டையனான கசப்புப் பொலீட், டைலோபைலஸ் ஃபெல்லியஸ். அதே ஊசியிலைக் காடு, அதே பழுப்புக் குடை. தண்டைப் பாருங்கள்: வலைப்பின்னல் வெளிர் தண்டின் மேல் கரும்பழுப்பாக, முரட்டுத்தனமாக இருக்கும். துளைகள் முற்ற முற்ற இளஞ்சிவப்பாகும். பிஞ்சில் இரண்டுக்கும் துளை வெள்ளைதான், அங்கேதான் கோட்டை விடுவார்கள். சந்தேகம் இருந்தால் வெட்டிய இடத்தில் நாக்கு நுனியை வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம். துளையில் சிவப்போ ஆரஞ்சோ உள்ள எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. கசப்பு உயிரை வாங்காது, ஆனால் ஒன்று விழுந்தாலும் சட்டி முழுக்க வீண். கொதிக்க வைத்தாலும் கசப்பு போகாது.

போட்டோவை வைத்து நாங்கள் தீர்ப்பு சொல்ல மாட்டோம். மேலிருந்து எடுத்த படத்தில் துளையும் தெரியாது, தண்டின் அடியும் தெரியாது. ஜெர்மனியில் பயிற்சி பெற்ற காளான் ஆலோசகர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், பறித்ததை அவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். காட்டுவதற்கென்று எடுக்கும் காளானைக் கத்தியால் அறுக்காமல், அடியோடு திருகி எடுக்க வேண்டும்.

ஆம்பூர் வாசகர்: வெட்டினால் நீலமாக மாறும் காளான் விஷம் என்கிறார்களே? எங்கள் வீட்டில் மஞ்சளும் பூண்டும் போட்டுக் கொதிக்க வைத்து, நிறம் மாறாவிட்டால் சாப்பிடலாம் என்பார்கள்.

இரண்டையும் மறந்துவிடுங்கள். பழுப்புப் பொலீட் என்று இன்னொரு வகை உண்டு. அதன் மஞ்சள் துளைகளை விரலால் அழுத்தினால் நீலப்பச்சைத் தடம் விழும், அது நல்ல காளான். கசப்புப் பொலீட் துளியும் நீலமாகாது. காளானில் உள்ள நிறமிப் பொருள் காற்று பட்டு மாறுவதுதான் அந்த நீலம். விஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள், பூண்டு, வெள்ளிக் காசு, நத்தை கடித்த தடம் எதுவும் விஷத்தைக் காட்டிக்கொடுக்காது. அமானிட்டாவின் விஷம் கொதித்தாலும் அழியாது.

பார்க்க வேண்டியது துளையின் நிறம். சிவப்பு என்றால் புதியவர்கள் தொடக் கூடாது. சுண்ணாம்பு மண்ணில், ஓக், பீச் மரங்களுக்கு அடியில் வரும் சாத்தான் பொலீட்டுக்கு வெளுத்த குடை, சிவந்த துளை, பருத்த சிவப்புத் தண்டு. தின்றால் கடுமையான வாந்தி, பேதி. சிவப்புத் துளையோடு நன்றாக வேகவைத்தால் தின்னக் கூடிய வகையும் இருக்கிறது. அதைப் பிரித்தறிவது பழகியவர்கள் வேலை.

சாப்பிட்ட பிறகு வாந்தி வந்தால் 112க்குப் போன் செய்து, மீந்த குழம்பையும் தோல் கழிவையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் கழித்து ஆரம்பிக்கும் வாந்திதான் அதிகம் பயப்பட வேண்டியது, அது ஈரலைத் தாக்கும் விஷமாக இருக்கலாம். இடையில் வாந்தி நின்று தெம்பாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரியை விட்டு வரக் கூடாது.

ராணிப்பேட்டை வாசகர்: யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் பறிக்கலாமா?

முடியாது. ஆஸ்திரியாவில் ஆளுக்கு நாளைக்கு 2 கிலோ. இத்தாலியில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி உச்ச அளவு 3 கிலோ. பெரும்பாலான இடங்களில் அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும், பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போகக் கூடாது. ஜெர்மனியில் வீட்டுச் சமையலுக்கு மட்டும், சிறிதளவு. பாதுகாக்கப்பட்ட காடுகளில் அதுவும் இல்லை.

தெற்கு பவேரியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 1986 செர்னோபில் அணு உலை விபத்தில் விழுந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் அங்கே காட்டு மண்ணில் இன்னும் இருக்கிறது, பழுப்புப் பொலீட் அதை நன்றாக உறிஞ்சும். எப்போதாவது ஒரு வேளை சாப்பிடுவதால் பயமில்லை. வாரத்துக்கு 200–250 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஜமுனாமரத்தூர் வாசகர்: இந்தப் போர்ச்சினி ஜவ்வாது மலையில் கிடைக்குமா? செவுள் இருந்தால் தொடாதே என்றால், நாங்கள் காலங்காலமாகத் தின்னும் புற்றுக்காளானுக்குச் செவுள் இருக்கிறதே?

கிடைக்காது. ஸ்ப்ரூஸ், பைன், பீச், ஓக் வேர்களோடு சேர்ந்துதான் அது பிழைக்கும். செவுள் விதி, ஐரோப்பியக் காட்டில் நுழையும் புதியவர்களுக்கு. உங்கள் புற்றுக்காளானுக்கு அல்ல. குடை நடுவில் கூரான முனை, மண்ணுக்குள் கரையான் புற்று வரை வேர் மாதிரி இறங்கும் தண்டு என்று அதற்குத் தனி அடையாளம் இருக்கிறது. மழைக்குப் பிறகு புல்தரையில் வரும் பெரிய வெள்ளைக் குடையை மட்டும் அதோடு சேர்த்துவிடாதீர்கள். குடையை வெள்ளைத் தாளில் இரவு முழுக்கக் கவிழ்த்து வையுங்கள், பச்சைத் தூள் உதிர்ந்தால் அது வாந்திக் காளான்.

ஊர்ப் பழக்கம் வெளிநாட்டில் காலை வாரும். நம் வைக்கோல் காளானின் மொட்டும் அமானிட்டாவின் மொட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆசியாவில் இருந்து குடியேறியவர்கள் அப்படி ஏமாந்து உயிரை விட்டிருக்கிறார்கள்.

ஆற்காடு வாசகி: மகன் காய்ந்த போர்ச்சினி ஒரு பாக்கெட் கொண்டு வந்தான். எப்படிச் சமைப்பது?

10 கிலோ பச்சைக் காளான் காய்ந்தால் சுமார் 1 கிலோதான் தேறும்; நாலு பேருக்கு 20–30 கிராம் போதும். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, காளானை மேலோடு அள்ளி எடுங்கள், மணல் அடியில் தங்கிவிடும். ஊறிய நீரை மெல்லிய துணியில் வடிகட்டிக் குழம்பிலேயே ஊற்றுங்கள், மணமெல்லாம் அதில்தான். வெங்காயம் வதங்கியதும் காளானைச் சேர்த்து 15 நிமிடமாவது வேக வையுங்கள். கரம் மசாலா வேண்டாம், மிளகு போதும். மீதியைக் காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் பாக்கெட்டைத் திறந்தபடி விட்டால் பூசணம் பிடித்துவிடும்.